ஆற்றில் குஞ்சு விட்டால் போதுமா?

காவிரி ஆற்றில் ஒரு ராஜா உண்டு.

அந்த ராஜாவுக்கு முதுகில் திமில். உடம்பு பொன் நிறம். துடுப்புகள் செம்மஞ்சள் நிறம். ஒவ்வொரு செதிலும் உள்ளங்கை அகலம் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெரியது. பாறையில் மோதிச் சுழித்து ஓடும் வெள்ளத்திலும் எதிர்நீச்சல் போடும் பலம் அதற்கு உண்டு.

அதுதான் திமில் மகாசீர். கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன்.

கெண்டை என்றதும் குழம்புச் சட்டியில் கிடக்கும் சின்ன மீனை நினைக்கவேண்டாம். 1946-ம் ஆண்டு கபினி ஆற்றில் ஒருவர் தூண்டில் போட்டார். அவர் மைசூரைச் சேர்ந்த வான் இங்கென். இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் பெயர் பெற்ற குடும்பம் அவருடையது. அவர் தூண்டிலில் ஒரு மகாசீர் மாட்டியது. அதன் எடை என்ன தெரியுமா? 120 ராத்தல்! அதாவது சுமார் 54 கிலோ. வளர்ந்த ஓர் ஆளின் எடை!

இந்த மீன் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? கங்கையில் வேறு வகை மகாசீர் உண்டு. பிரம்மபுத்திராவிலும் வேறு வகை உண்டு. ஆனால், இந்தத் திமில் மகாசீர் காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே வாழ்கிறது. இங்கே அழிந்தால், உலகத்திலேயே அழிந்தது என்று அர்த்தம்.

இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இதற்கு யார் காரணம்? திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் ஒரு காரணம். அணைகள் ஒரு காரணம். ஆனால், இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மகாசீரைக் காப்பாற்றவேண்டும் என்று நினைத்தவர்களே அதற்குத் தீங்கு செய்துவிட்டார்கள்!

நல்ல எண்ணம், கெட்ட விளைவு

நடந்தது இதுதான்.

காவிரியில் மகாசீர் குறைகிறது என்று பலர் கவலைப்பட்டார்கள். "குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டால் பெருகிவிடும்" என்று எண்ணினார்கள். நல்ல எண்ணம்தான்.

மராட்டிய மாநிலத்தில் லோணாவளா என்ற ஊர் இருக்கிறது. அங்கே மகாசீர் குஞ்சு பொரிக்கும் பண்ணை நடந்துவந்தது. 1970-களிலும், 1980-களிலும் அங்கிருந்து குஞ்சுகள் பல ஆறுகளுக்குக் கொண்டு போகப்பட்டன. காவிரியிலும் விடப்பட்டன.

ஆனால், அந்தக் குஞ்சுகள் திமில் மகாசீர் அல்ல. அவை நீலத்துடுப்பு மகாசீர். பெயரில் ஒற்றுமை. பார்வைக்கும் பங்காளிகள் போல இருக்கும். ஆனால், இனம் வேறு.

வந்த மீன் காவிரியில் நன்றாகப் பிழைத்தது. பெருகியது. ஆற்றில் மகாசீர் துள்ளுவதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். "மகாசீர் திரும்ப வந்துவிட்டது" என்றார்கள்.

துள்ளியது விருந்தாளி. வீட்டுக்காரன் எங்கே என்று யாரும் தேடவில்லை.

பாட்டி உண்டு, தொட்டில் இல்லை

கர்நாடகத்தில் காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் நடந்துவந்தன. அங்கே வருகிறவர்கள் மீனைப் பிடிப்பார்கள். எடை பார்ப்பார்கள். குறித்துக்கொள்வார்கள். மறுபடியும் உயிரோடு ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

1998-ம் ஆண்டு முதல் 2012-ம் ஆண்டு வரை எழுதிய அந்தக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். உண்மை வெளிப்பட்டது.

நீலத்துடுப்பு மீன்கள் வருஷத்துக்கு வருஷம் அதிகமாகியிருந்தன. திமில் மகாசீர் குறைந்துகொண்டே வந்திருந்தது. கிடைத்த சில திமில் மகாசீரும் பெரிய மீன்களாகவே இருந்தன. சின்ன மீன்கள் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு கிராமத்துக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணைக்குத் திண்ணை பாட்டியும் தாத்தாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் தொட்டில் ஆடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. அந்தக் கிராமம் எத்தனை நாளைக்கு இருக்கும்?

அந்த நிலைதான் திமில் மகாசீருக்கும் வந்துவிட்டது.

இரண்டு இனத்துக்கும் ஒரே மடு. ஒரே இரை. முட்டையிட ஒரே இடம். ஏற்கெனவே வெடியாலும் அணையாலும் நொந்துபோன உள்ளூர் மீன், வெளியூர் மீனோடு போட்டி போட முடியாமல் தோற்றது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

பெயரே இல்லாத ராஜா

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்பதைவிட வேதனை என்று சொல்லவேண்டும்.

திமில் மகாசீரைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேட்டைக்காரர்கள் பேசிவந்தார்கள். படம் எடுத்தார்கள். ஆனால், விஞ்ஞானிகளிடம் அதற்குச் சரியான பெயர் இல்லை!

அழியும் உயிர்களின் பட்டியல் ஒன்று உண்டு. "சிவப்புப் பட்டியல்" என்று அதற்குப் பெயர். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை வெளியிடுகிறது. அதில் இடம் பெறவேண்டுமானால் விஞ்ஞானப் பெயர் வேண்டும். பெயர் தெரியாத ஆளுக்கு ரேஷன் கார்டு கிடைக்குமா?

கேரளத்தில் பாம்பாறு என்ற ஆற்றில் கிடைத்த ஒரு மகாசீருக்கு விஞ்ஞானிகள் புதிதாகப் பெயர் வைத்தார்கள். அதன் பெயர் "டோர் ரெமாதேவி". இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் மீன்களை ஆராய்ந்த ரெமாதேவி என்ற பெண் விஞ்ஞானியைக் கௌரவிக்க வைத்த பெயர் அது.

பாம்பாறு எங்கே போகிறது? கிழக்கே இறங்கி அமராவதியில் சேருகிறது. அமராவதி காவிரியில் கலக்கிறது.

2018-ம் ஆண்டில் உண்மை புலப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் மாயாற்றிலும் காவிரியிலும் கிடைத்த திமில் மகாசீரின் உடல் அமைப்பையும் மரபணுவையும் சோதித்தார்கள். பாம்பாற்று மீனும் காவிரி ராஜாவும் ஒரே இனம்!

அதே ஆண்டு சிவப்புப் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. எந்த வரிசையில்? மிகக் கடுமையான ஆபத்தில் இருக்கும் உயிர்களின் வரிசையில். பெயர் கிடைத்த கையோடு ஆபத்து அறிவிப்பும் வந்தது.

ஓடை என்பது வெறும் தண்ணீர் அல்ல

"சரி, இப்போதாவது திமில் மகாசீரின் குஞ்சையே பொரித்து விட்டால் என்ன?" என்று கேட்கலாம்.

விடலாம். ஆனால், எங்கே விடுவது?

மீன் வாழத் தண்ணீர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஓடை என்பது ஒரு வீடு. வீட்டுக்குச் சுவர், கூரை, அடுப்படி, தொட்டில் எல்லாம் இருப்பதுபோல ஓடைக்கும் உண்டு.

கூழாங்கல்தான் தொட்டில். மகாசீர் மழை வெள்ளம் வரும் காலத்தில் ஆற்றின் மேற்புறம் ஏறிப்போகும். சுத்தமான கூழாங்கற்களுக்கு இடையே முட்டை இடும். ஓடும் தண்ணீர் முட்டைக்கு மூச்சுக்காற்றைக் கொண்டுவரும். மேட்டு நிலத்தில் காட்டை வெட்டினால் என்ன ஆகும்? மழையில் மண் கரைந்து வரும். சேறு கற்களை மூடும். முட்டை மூச்சுத் திணறிச் சாகும்.

கரையில் நிற்கும் மரம்தான் கூரை. அதன் நிழலில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில்தான் மூச்சுக்காற்று அதிகம். அந்த மரமே அடுப்படியும் ஆகும். அத்திப்பழம் விழும். நாவல் பழம் விழும். பூச்சி விழும். மகாசீர் அவற்றையெல்லாம் தின்னும். நண்டையும் சிறு மீனையும் கூடத் தின்னும்.

ஆழமான மடுதான் படுக்கை அறை. கோடையில் ஆறு மெலிந்து நூலாக ஓடும்போது பெரிய மீன்கள் மடுவில் ஒதுங்கி உயிர் பிழைக்கும்.

மணலும் ஒரு வீடுதான். மதுரைக்காரர்களுக்கு அயிரை மீன் என்றால் உயிர். அயிரைக் குழம்புக்கு ஈடு உண்டா என்பார்கள். அந்த அயிரை எங்கே வாழ்கிறது? ஓடையின் அடிமணலில் புதைந்து வாழ்கிறது. மணலை அடிவரை சுரண்டி எடுத்துவிட்டு, "அயிரை விலை ஏறிவிட்டதே!" என்று சந்தையில் சண்டை போட்டு என்ன பயன்?

தொட்டிலும் கூரையும் இல்லாத வீட்டில் குழந்தையை விட்டால் அது பிழைக்குமா? குஞ்சு விடுவதற்கு முன் ஓடையைப் பார்க்கவேண்டும். ஓடை சரியாக இருந்தால் மீன் தானாகவே பெருகும். ஓடை கெட்டுப்போனால் லட்சம் குஞ்சு விட்டாலும் வீண்.

ஒரே குடும்பம், நடுவே சுவர்

ராஜாவின் குடும்பம் இன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு பகுதி காவிரியில் இருக்கிறது. மேட்டூர் அணைக்கு மேலே, மலைகளுக்கு நடுவே ஓடும் காவிரியில்.

இன்னொரு பகுதி மாயாற்றில். நீலகிரியில் பிறந்து, முதுமலைக் காட்டையும் சத்தியமங்கலம் காட்டையும் தொட்டுக்கொண்டு, ஆழமான பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு அது. பவானிசாகரில் பவானியோடு சேருகிறது. சேரும் இடத்தில் அணை நிற்கிறது.

மூன்றாவது பகுதி பாம்பாற்றில். சின்னாறு காட்டைக் கடந்து வருகிறது. அதற்குக் கீழே அமராவதி அணை.

முன்பு இந்த மூன்று ஆற்று மீன்களும் ஒன்றோடு ஒன்று கலந்திருக்க வழி இருந்தது. இன்று வழி இல்லை. ஒரே குடும்பத்தை மூன்று அறைகளில் போட்டுப் பூட்டியது போல ஆகிவிட்டது. ஓர் அறையில் நோய் வந்தாலும் விஷம் கலந்தாலும் அடுத்த அறையிலிருந்து உதவி வராது.

அணை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1934-ம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அதனால் எத்தனையோ லட்சம் வாய்க்குச் சோறு கிடைத்தது. 1932-ம் ஆண்டு பைக்காரா மின் நிலையம் வந்தது. ஊரெல்லாம் விளக்கு எரிந்தது. இவற்றை இடிக்கவேண்டும் என்று புத்தியுள்ளவன் சொல்லமாட்டான்.

ஆனால், அணையிலும் ஒரு நியாயம் வேண்டும். மின்சாரம் தேவைப்படும்போது தண்ணீரைத் திறக்கிறார்கள். தேவை இல்லாதபோது அடைக்கிறார்கள். கீழே இருக்கும் ஓடையில் காலையில் வெள்ளம், மாலையில் வறட்சி! கரையோரம் இட்ட முட்டை காய்ந்துபோகும். குஞ்சு குட்டையில் சிக்கிக்கொள்ளும். முட்டையிடும் காலத்திலாவது சீராகத் தண்ணீர் விட்டால் போதும். அது பெரிய நஷ்டம் அல்ல.

இனி இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அணை இல்லாத ஓடைகள் மலையில் சில மட்டுமே மிச்சம் இருக்கின்றன. அவற்றையாவது தடுக்காமல் ஓடவிடலாம் அல்லவா?

தோட்டாவும் விஷமும்

ஆற்றில் தோட்டா வெடித்து மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தோட்டா வெடித்தால் மடுவில் உள்ள பெரிய மீன், சின்ன மீன், குஞ்சு, முட்டை எல்லாம் சாகும். மிதக்கும் மீனில் சிலவற்றைத்தான் அள்ள முடியும். மற்றவை அடியில் தங்கி அழுகும். பத்து மீனுக்காக ஆயிரம் மீனைக் கொல்லும் தொழில் அது.

சிலர் ஓடையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறார்கள். சிலர் பூச்சி மருந்தைக் கலக்கிறார்கள். சிலர் மின்சாரக் கம்பியைத் தண்ணீரில் விடுகிறார்கள். தோட்டா கையிலேயே வெடித்து விரல் இழந்தவன் உண்டு. விஷம் கலந்த தண்ணீரை ஆடு மாடு குடிக்கிறது. கீழே உள்ள ஊரில் மனிதரும் குடிக்கிறார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1897-ம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் வந்துவிட்டது. வெடி வைத்தாலும் விஷம் கலந்தாலும் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அன்று அதில் எழுதிய தண்டனை 2 மாதச் சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்தில் 200 ரூபாய் என்றால் பெரும் பணம். ஒரு குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடும். இந்தக் காலத்தில்?

சட்டம் பழையதாக இருக்கலாம். குற்றம் பழையது அல்ல. அது இன்றும் நடக்கிறது. சட்டத்துக்குப் பல் வேண்டும்.

ஜிலேபி வந்த கதை

வெளியூர் மீனால் வரும் தொல்லை காவிரி ராஜாவுக்கு மட்டும் அல்ல.

ஜிலேபி மீனை எல்லோருக்கும் தெரியும். திலேபியா என்பது அதன் பெயர். சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. மலிவாக மீன் கிடைக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். இன்று குளத்தில் ஜிலேபி, ஏரியில் ஜிலேபி, ஆற்றிலும் ஜிலேபி! அது பெருகிய இடத்தில் பல உள்ளூர் மீன்கள் ஒதுங்கிப்போயின.

ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் முரடன். கண்ணில் பட்டதை விழுங்கும். அதை வளர்க்க அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. ஆனாலும் களவாக வளர்க்கிறார்கள். மழை வெள்ளத்தில் குட்டை உடைந்தால் அது ஆற்றுக்குள் போய்விடும். பிறகு யார் பிடிப்பது?

வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்தும் ஆபத்து வருகிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கறுப்பான ஒரு மீனை வாங்கி விடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் கவசம் போல முள் தகடு. வளர்ந்து பெரிதானதும் தொட்டியில் இடம் போதாது. "கொல்வது பாவம்" என்று ஏரியில் விடுகிறார்கள். அங்கே அது பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. அதை யாரும் வாங்குவதும் இல்லை.

ஒரு மீனுக்குப் புண்ணியம். ஓர் ஏரி மீன்களுக்குப் பாவம்!

ஏரி வேறு, ஓடை வேறு

"ஏழைக்கு மீன் வேண்டாமா? குஞ்சு விடாவிட்டால் மீனவன் எப்படிப் பிழைப்பான்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி.

பதில் இதுதான். ஏரியும் குளமும் அணைத் தேக்கமும் வயல் போன்றவை. வயலில் விதைக்கலாம்; அறுக்கலாம். மேட்டூர்த் தேக்கத்தில் மீன் பிடித்து வாழும் குடும்பங்கள் பல. அங்கே கட்லாவும் ரோகுவும் விடுவதை நிறுத்தவேண்டும் என்று சொல்வதற்கு இல்லை.

மலை ஓடை வயல் அல்ல. அது காடு. காட்டில் யாராவது நெல் விதைப்பார்களா? காட்டைக் காடாக விடவேண்டும். ஓடையை ஓடையாக விடவேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் 290 வகை நன்னீர் மீன்கள் இருப்பதாக 2011-ம் ஆண்டு வெளியான ஒரு கணக்கு சொன்னது. அவற்றில் 189 வகை வேறு எங்கும் இல்லாதவை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆபத்தில் இருப்பதாகவும் அதே கணக்கு சொன்னது.

இவற்றில் பல மீன்கள் விரல் நீளம்தான் இருக்கும். கல்லில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீன் உண்டு. செம்பட்டை போட்ட அழகு மீன் உண்டு. அதற்கு "மிஸ் கேரளா" என்று செல்லப் பெயர். அழகே அதற்கு எமன் ஆனது. கண்ணாடித் தொட்டிக்காக ஓடையிலிருந்து அள்ளி அள்ளி வெளிநாட்டுக்கு விற்றார்கள். இன்று அதுவும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது.

புலிக்கு ஆபத்து என்றால் நாடே பேசுகிறது. யானைக்கு ஆபத்து என்றால் ஊர்வலம் போகிறார்கள். மீன் தண்ணீருக்கு அடியில் சாகிறது. அதன் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

ஊர் காத்த மடு

மீனைக் காப்பது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது.

கர்நாடகத்தில் துங்கா நதிக் கரையில் சிருங்கேரி இருக்கிறது. கோவில் படித்துறையில் மகாசீர் கூட்டம் கூட்டமாக நிற்கும். பக்தர்கள் பொரி போடுவார்கள். யாரும் பிடிக்கமாட்டார்கள்.

தென் கன்னட மாவட்டத்தில் சிசிலா என்ற கிராமம் உண்டு. அங்கே கபிலா ஆற்றங்கரையில் சிசிலேசுவரர் கோவில். ஆற்று மீன்களைச் சாமி மீன் என்று ஊரார் காத்துவந்தார்கள். 1996-ம் ஆண்டில் ஒரு கொடுமை நடந்தது. ஆற்றில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஊரார் கண்ணீர் விட்டார்கள். செத்த மீன்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். மீனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பிய ஊர் அது!

அந்த மடுவில் இன்று மறுபடியும் மகாசீர் நீந்துகிறது. ஆறும் கெடாமல் இருந்தது. ஊரும் காவலை விடவில்லை. அதுதான் காரணம்.

இதிலிருந்து தெரிவது என்ன? ஆற்றை நன்றாக வைத்திருந்தால், விழுந்த மீன் இனமும் எழுந்துவிடும்.

என்ன செய்யவேண்டும்?

தமிழ்நாட்டில் நல்ல காரியங்கள் நடக்காமல் இல்லை. 2022-ம் ஆண்டில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டை, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்தது. முதுமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்கள். திமில் மகாசீர் வாழும் ஆறுகளை ஒட்டியே இந்தக் காடுகள் இருக்கின்றன. காட்டுக்கு உள்ள காவல் தண்ணீருக்கும் வேண்டும்.

அரசாங்கம் செய்யவேண்டியவை:

மலை ஓடைகளிலும், திமில் மகாசீர் வாழும் ஆற்றுப் பகுதிகளிலும் வெளியூர் மீன் குஞ்சு விடுவதை அடியோடு நிறுத்தவேண்டும்.

ஆழமான மடுக்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று விதிக்கவேண்டும்.

முட்டையிடும் மழைக்காலத்தில் ஓடைகளில் சீராகத் தண்ணீர் ஓடும்படி அணைகளைத் திறந்து மூடவேண்டும்.

தோட்டா போடுகிறவனுக்கும் விஷம் கலக்கிறவனுக்கும் உறைக்கும்படியான தண்டனை வேண்டும்.

காவலுக்கு வெளியூர் ஆளைத் தேடவேண்டாம். ஆற்றங்கரை இளைஞர்களுக்கே சம்பளம் கொடுத்து வைக்கலாம். எந்த மடுவில் எந்த மீன் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மீனைக் காப்பதில் ஒரு வருமானம் இருந்தால், வெடியைத் தொட யாருக்கும் மனம் வராது.

மக்கள் செய்யவேண்டியவையும் உண்டு. தொட்டி மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடக்கூடாது. வேண்டாம் என்றால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஓடையில் சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் எறியக் கூடாது. ஓடைக் கரையில் நிற்கும் மருத மரத்தையும் அத்தி மரத்தையும் வெட்டினால், "ஏன் வெட்டுகிறாய்?" என்று கேட்கவேண்டும். தோட்டா போட்ட மீன் சந்தைக்கு வந்தால் வாங்கக் கூடாது. வாங்குகிறவன் இல்லை என்றால் விற்கிறவன் ஏது?

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊர் ஓடையில் என்னென்ன மீன் இருக்கிறது என்று தாத்தாவிடம் கேளுங்கள். அவர் பத்துப் பெயர் சொல்வார். அவற்றில் எத்தனை இன்றும் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். இல்லாமல் போனவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் காட்டுங்கள். ஊர் விழித்துக்கொள்ள அந்த ஒரு நோட்டே போதும்.

முதல் எச்சரிக்கை

"ஒரு மீன் போனால் என்ன? அரிசி விலை குறையுமா, கூடுமா?" என்று சிலர் சிரிப்பார்கள்.

தண்ணீர் கெட்டால் முதலில் சாவது மீன். பிறகுதான் ஆடு மாட்டுக்கும் மனிதருக்கும் நோய் வரும். மீன் மிதந்தால், அது தண்ணீர் கொடுக்கும் முதல் எச்சரிக்கை. மீன் வாழும் ஓடைத் தண்ணீர்தான் கீழே இறங்கி வந்து வயலுக்குப் பாய்கிறது. குடத்திலும் நிறைகிறது. திமில் மகாசீர் வாழ எது வேண்டுமோ, அதுவே காவிரிக் கரை மக்களுக்கும் வேண்டும். மேட்டில் காடு, ஓடையில் சுத்தம், கோடையிலும் வற்றாத நீர்.

பண்ணையில் லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்துவிடலாம். அதற்குச் சில வாரம் போதும். ஆனால், ஒரு மலை ஓடையைப் பண்ணையில் பொரிக்க முடியாது. கூழாங்கல்லை உருட்டி உருட்டி வழுவழுப்பாக்க ஆற்றுக்கு எத்தனையோ நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

ஆகவே, முதலில் ஓடையைக் காப்பாற்றுங்கள். மீன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.